துரையின் பன்னிரண்டாவது முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒருவர் நிற்கிறார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, முகமெல்லாம் பஸ் புழுதி. கையில் ஒரு மூக்குப்பொடி டப்பாவை பச்சைக்குழந்தைமாதிரி நெஞ்சோடு பிடித்திருக்கிறார்.

"கிளிக்கு முட்டை செய்யற வூடு இதானுங்களா?"

எத்தனை பேருக்கு இப்படி ஒரு விலாசம் கிடைக்கும்? விருத்தாசலத்தில் கோயிலைச் சொல்லி வழி கேட்பார்கள். ஜங்ஷனைச் சொல்லிக் கேட்பார்கள். எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள்.

"இதுதாங்க. உள்ள வாங்க" என்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன். அந்தக் கர்வம் எங்கிருந்து வந்தது என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். அதுவரை வந்திருக்கும் மங்களூர்க்காரர் — திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் — அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருக்கட்டும்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் தொழிலாளி. அச்சில் வார்த்தெடுத்த பொம்மைக்கும் ஃபியூஸ் கேரியருக்கும் பிசிறு தட்டி, ஈரத் துணியால் துடைத்து மழமழவென்று ஆக்குகிற வேலை. அதே கம்பெனி லேபில் ஒரு மேஜையும் ஒரு ரிஜிஸ்டரும் எனக்கு. அம்மா வீட்டில் கோழி வளர்க்கிறாள்.

ஒரு வீட்டில் படித்தவன் என்று முதன்முதலாக ஒருவன் முளைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கக்கூடாது. மணியார்டர் ஃபாரம், பட்டா நகல், காய்ச்சல் மாத்திரை, பக்கத்து வீட்டு எருமையின் வயிற்றுப்போக்கு... எல்லாம் அவனிடம்தான் வரும். எருமையைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பறம் பதினோரு வருசம் என்னாத்ததான் படிச்ச?" என்றார் எருமைக்காரர். நியாயமான கேள்வி.

அப்பா மட்டும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவர் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, முன்பக்கத் தாழ்வாரத்தில் தொங்கும் கூண்டுக்கு எதிரே உட்காருவார். அங்கேதான் பேச்சு. கம்பெனியில் எந்த பீஸ் உடைந்தது, மேஸ்திரி யாரைத் திட்டினார், எந்த அச்சு தேய்ந்துபோனது... எல்லாம் கிளியிடம் சொல்வார். லேபில் இருக்கும் எனக்கே தெரியாத கம்பெனி சமாசாரங்கள் அந்தக் கிளிக்குத் தெரியும்.

கிளியின் பெயர் துரை. புயல் மழையில் சாய்ந்த மரப்பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சாக அப்பா எடுத்துவந்தது. ஆண் கிளிக்கு மூன்றாம் வருஷம் கழுத்தில் சிவப்பு ஆரம் விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா காத்திருந்தார். மூன்று வருஷம் முடிந்தது. தினமும் கழுத்து இறகை ஊதி விலக்கிப் பார்ப்பார்.

"வந்துரும்" என்பார் எங்களிடம். "துரைக்கு அவசரம் இல்ல."

போன வருஷம் தை மாசம். துரைக்கு ஆரம் வரவில்லை. முட்டை வந்தது.

கூண்டுத் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "யாரோ புறா முட்டைய கொண்டாந்து வெச்சி வெளையாடறாங்க" என்றாள். ஒரு நாள் விட்டு மறுநாள் இன்னொன்று. விளையாட்டு இல்லை. அப்பா கூண்டுக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டார். மூன்று வருஷம் மேஸ்திரியைப் பற்றி ஒரு பெண்பிள்ளையிடம் என்னென்ன பேசினோம் என்று யோசித்திருப்பார்போல.

"இனிமே துரைசானின்னு கூப்புடுங்க" என்றாள் அம்மா.

"துரைதான்" என்றார் அப்பா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஜோடி இல்லாத கிளி முட்டை போடுமா? போடும். நம் வீட்டுக் கோழி சேவல் இல்லாமலே போடுகிறதே, அதுமாதிரிதான். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று படித்தவன் என்ற ஹோதாவில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். பாதி சரி. மீதிப் பாதிதான் கிளியின் உயிருக்கு உலை வைத்தது.

என் தாய்மாமன் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். ஆறடி உடம்பு, அதற்கேற்ற மீசை. அந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு... எதற்கும் திறக்கவில்லை. யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள் — கிளி முட்டையைப் பச்சையாகப் பாலில் அடித்துக் குடித்தால் குரல் கிளிமாதிரி ஆகிவிடும் என்று.

கிளிமாதிரி குரல் வந்தால் ராஜா வேஷம் எப்படிக் கட்டுவார்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். கோழிக்காரி வேறு. கோழியிடம் செய்கிற வேலையைக் கிளியிடமும் செய்தாள் — போடப் போட எடுத்தாள். மாமா இரண்டு நாளைக்கு ஒரு முறை சைக்கிளில் வந்தார். கூண்டு காலியாவதும், துரை மறுபடி போடுவதுமாக நாட்கள் போயின. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் அண்ணன் தொண்டைக்கின்னே போடுது பாரு."

பிள்ளை பெற்ற உடம்பு என்று எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள். ஊறவைத்த வேர்க்கடலை கொடுத்தாள். அப்பா தன் பங்குக்கு, பேசிக்கொண்டே அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். அது கண்ணை மூடிக்கொண்டு உடம்பைத் தாழ்த்தி நிற்கும்.

மொத்தக் குடும்பமும் சேர்ந்து அன்பால் அதைக் கொன்றுகொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரியாது.

பத்து முட்டை ஆயிற்று. பத்தாவது தோல் முட்டை. ஓடே இல்லை, விரலால் தொட்டால் பள்ளம் விழுந்தது. மாமா அதையும் குடித்தார்.

பதினோராவது வரவில்லை.

அன்று மத்தியானம் அம்மா கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். செருப்புகூட இல்லை. "தம்பி, கிளி கீழ உக்காந்துக்கிட்டு முக்குது. காலு நிக்கல. எறகெல்லாம் சிலுத்துக்கிச்சி. ஒங்க அப்பா கிட்ட எப்பிட்றா சொல்றது?"

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அம்மாவைக் கேட்டில் பார்த்ததுமே அப்பா ஈரத் துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. சைக்கிளை மிதித்தார். பின்னால் நான் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து கூண்டை மடியில் வைத்துக்கொண்டு நேரே மாட்டாஸ்பத்திரி.

டாக்டர் என் வயதுக்காரர். நல்ல மனுஷர். பார்த்தார். வயிற்றை ஒற்றை விரலால் தொட்டார்.

"முட்டை வழியில நின்னுட்டுது. எங்கிட்ட இருக்கிற ஊசியப் போட்டா ஊசிதான் நிக்கும், கிளி நிக்காது. சூடு வேணும், கூடவே ஈரமும் வேணும். ஈரமான சூட்டுல ஒடம்பு தளந்தா தானா வரும். அமுக்கிப் பாக்காதீங்க, உள்ள ஒடைஞ்சா போச்சு."

அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எருமைக்காரர் பார்த்த அதே பார்வை. படிச்சிருக்கறயில்ல, சொல்லு.

ஈரமான சூடு... மாசி வெயிலில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, ஈரத்துக்கு எங்கே போவது? சட்டென்று மண்டையில் தட்டியது. நான் தினமும் தெர்மாமீட்டர் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுகிற இடம் அது.

"அப்பா, டிரையிங் ரூமு."

எங்கள் கம்பெனியில் சூளைச் சுவரை ஒட்டி ஓர் அறை. வார்த்தெடுத்த பச்சைச் சாமான்களை அதில்தான் அடுக்குவோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்பதால் அங்கே மெல்ல மெல்லக் காயும். மண்ணிலிருந்து கிளம்பும் ஈரமும் சூளையின் வெதுவெதுப்பும் சேர்ந்து, உள்ளே போனால் மழைக்கு முந்தின புழுக்கம்.

மேஸ்திரி வழியை மறித்தார். "என்னாப்பா இது? இங்க பீஸுதான் காயப்போடுவாங்க. கிளிய எதுக்குக் கொண்டாந்த?"

அப்பா கூண்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி அப்படியே நின்றார். மேஸ்திரி கூண்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒதுங்கிக்கொண்டார். "கதவ இறுக்கி சாத்து. சூடு வெளிய போவுது" என்றார், பெரிய கோபத்தோடு.

வரிசை வரிசையாக வெள்ளைப் பொம்மைகள். நடுவில் துரை. ஒரு மணி நேரம். ஆட்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வரும்போது பூனைமாதிரி நடந்தார்கள். சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளேயிருந்து "கீச்" என்று ஒரு சத்தம். பதினோராவது முட்டை வந்துவிட்டது. கசங்கிய காகிதம்மாதிரி இருந்தது. துரை அதன்மேல் சாய்ந்து கிடந்தது. மூச்சு இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "ஓட்டுக்கான சுண்ணாம்பு முழுக்க எலும்புலேருந்து போயிருக்குது. இன்னொரு தடவ இப்பிடி வந்தா தாங்காது. முட்டை போடாம பாத்துக்குங்க."

"எப்படி சார்?"

"அதுதான் எனக்குத் தெரியல. காலேஜுல மாட்டுக்கே நேரம் பத்தல. நீங்க கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள். டாக்டரே என்னைக் கேட்கிறார்.

லேபில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ரிஜிஸ்டர் எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்தேன். நடந்த நாற்பது நாளையும் ஞாபகத்திலிருந்து தோண்டி எழுதினேன். எந்த நாள் முட்டை, யார் எடுத்தது, என்ன தீனி, கூண்டு எங்கே இருந்தது. அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"அம்மா, கோழி எப்ப முட்டை போடறத நிறுத்தும்?"

"இது தெரியாதா? அடைக்கு உக்காந்தா நிறுத்தும்."

"எப்ப அடைக்கு உக்காரும்?"

"கூடைல முட்டை நெறைஞ்சா. நாமதான் எடுத்து எடுத்து..." அம்மா பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கூண்டைப் பார்த்தாள். "அது பாட்டுக்கு நாலு போட்டுட்டு உக்காந்துருக்கும் தம்பி. நாந்தான் உக்கார வுடல."

அடுத்த காரணம் நோட்டிலேயே இருந்தது. அப்பாவுக்கு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அந்த வாரம் மட்டும் முட்டை இல்லை. திரும்பப் பகல் ஷிஃப்ட்டுக்கு வந்தார், முட்டையும் வந்தது. ஏன்? முதுகு. அவர் தடவத் தடவ அது உடம்பைத் தாழ்த்தி வாலைத் தூக்கி நின்றதே — ஜோடி வந்துவிட்டதாக அது நினைத்துக்கொண்டது.

முட்டையை எடுக்காதே என்று அம்மாவிடம் சொல்வது சுலபம். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? நாள் முழுக்க அவருக்கு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். சாயங்காலம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத்தான் அந்த நோட்டு தேவைப்பட்டது, பிடித்துக்கொள்ள.

"அப்பா... முதுகத் தடவாதீங்க. அதனாலதான் முட்டை வருது."

அப்பாவின் கை கூண்டுக்குள் பாதி போயிருந்தது. அப்படியே நின்றது. மெல்ல வெளியே எடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தலைய?"

"தலையத் தடவலாம்."

சுட்டுவிரல் நுனியால், ஒரே ஒரு முறை, தலையைத் தொட்டார். அதோடு சரி. அந்த நாளிலிருந்து இந்த நாள்வரை அவர் விரல் கழுத்துக்குக் கீழே இறங்கியதில்லை. படித்த பிள்ளை 'வேண்டாம்' என்றதை அவர் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

எள், வெல்லம், வேர்க்கடலை நின்றது. முருங்கைக்கீரை, கோவைப்பழம் வந்தது. நாட்டுமருந்துக் கடையில் கணவாய் மீன் ஓடு வாங்கிக் கூண்டுக் கம்பியில் கட்டினேன். சுண்ணாம்புச் சத்துக்கு அதுதான். துரை அதைக் கரும்புமாதிரி கடித்துத் தின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கே கூண்டுக்குத் துணி. பகல் நீண்டால் முட்டைக்காலம் என்று அது நினைக்கும் அல்லவா?

ஆனாலும் அடுத்த முட்டை வராது என்று யார் சொல்ல முடியும்? வந்தால் ஒன்றோடு நிற்கவேண்டும். கூடை நிறைந்ததாக அது நம்பவேண்டும். நிறைக்க முட்டைக்கு எங்கே போவது? கோழி முட்டை வைத்தேன். யானைக்குட்டியைப் பார்த்தமாதிரி பயந்து மேலே ஏறிக்கொண்டது. எலுமிச்சம்பழம் வைத்தேன். தோலை உரித்துப் போட்டது. சாக்பீஸைத் தேய்த்து உருட்டி வைத்தேன். மாவாக்கிவிட்டது.

பீங்கான் ஊரில் பிறந்துவிட்டு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

மறுநாள் கம்பெனியில் ஒரு கவளம் மண் எடுத்து மூன்று முட்டை உருட்டினேன். முதல் முட்டையை அம்மா மாமாவுக்குக் கொடுப்பதற்கு முன் நான் அளந்து வைத்திருந்தேன். அதே நீளம், அதே அகலம், ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தேன். அப்பா தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரி, சூளைக்குப் போகும் பெட்டியில் ஒரு மூலையைக் காட்டி, "ம், வைங்க. மொதலாளி கேட்டா பொம்மைக்கி முட்டைன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

சூளை ஏற்றி, வெந்து, ஆறுவதற்கு ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் நான் துரையின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நாள் பன்னிரண்டாவது முட்டை வந்தது. நல்ல ஓடு, கெட்டியான ஓடு. கணவாய் ஓடு வேலை செய்திருக்கிறது. யாரும் தொடவில்லை. அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சூளை பிரித்தார்கள். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் மூன்று முட்டை... சின்னச் சின்னதாகக் கிடந்தன.

மண் சூளையில் சுருங்கும். எட்டில் ஒரு பங்கு சுருங்கும். இதைத் தினமும் அளந்து தினமும் ரிஜிஸ்டரில் எழுதுகிறவன் யார்? நான்தான். கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதை எழுதத்தான்.

தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, என் மூன்றுக்கும் அடியில் வேறு நாலு தெரிந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். துரையின் முட்டையேதான். அந்த முனை, அந்தச் சரிவு, பளபளப்பில்லாத அந்த வெள்ளை. ஸ்கேலும் இல்லாமல், அளவும் கேட்காமல், சுருங்குகிற பங்கையும் விரலிலேயே சேர்த்து உருட்டியிருக்கிறார். எப்போது உருட்டினார், எப்போது என்னுடையதுக்கு அடியில் வைத்தார்... எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு பொம்மையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா அந்த நாலையும் வெந்நீரில் போட்டுச் சூடாக்கித் துடைத்தாள். "சில்லுன்னு வெச்சா கண்டுபுடிச்சிரும்" என்றாள். ஒரு தேங்காய்நார்க் கூடையில் துரையின் முட்டையோடு சேர்த்து வைத்தோம்.

துரை இறங்கியது. ஒன்றை அலகால் தட்டியது. இன்னொன்றைத் தட்டியது. தலையைச் சாய்த்து எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஐந்தையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அந்த வருஷம் பதின்மூன்றாவது முட்டை வரவே இல்லை.

கதை இதோடு முடிந்திருக்கும், மாமா இல்லாவிட்டால். கூத்து ஜமாவோடு வெளியூர் போயிருந்த அவருக்கு விஷயத்தை எழுதுகிற பொறுப்பு எனக்கு. படித்தவன் அல்லவா? மாமாவிடம் 'இனி முட்டை கிடையாது' என்று எழுதுகிற தைரியம் எந்த மருமகனுக்கு உண்டு? 'கிளிக்கு உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதினேன். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளியை உடம்பு விசாரிக்க வந்துவிட்டார்.

அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நானும் அப்பாவும் வேலை முடிந்து வரும்போது மாமா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு விரலில் ரத்தம் — துரை கடித்திருக்கிறது. எதிரே பால் டம்ளர். கையில் ஒரு முட்டை. டம்ளர் விளிம்பில் தட்டுகிறார். டக். இன்னும் பலமாகத் தட்டுகிறார். டக். டம்ளர் நசுங்கியது. எழுந்துபோய் அம்மிக்கல்லில் அடித்தார். கல்லிலிருந்து சில்லு தெறித்தது. கடைசியில் ராஜா வேஷக்காரர் அதைக் கடைவாயில் வைத்தார்.

"மச்சான், வேணாம். பல்லு போயிரும்" என்றார் அப்பா.

மாமா வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். "என்னா மச்சான் இது, கிளி கல்லப் போடுது?"

மச்சான்மார்களுக்குள் ஒரு சின்ன விஷயம் எத்தனை வருஷப் பகையாகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். குடத்தோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனிதர்களிடம் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அது நான் செஞ்சது மச்சான். சூளைல வெந்தது. நெசமான முட்டைய எடுக்க எடுக்க அது செத்துப்போவ இருந்துச்சி. ஒங்க தொண்டைக்கி நான் என்னா வேணும்னாலும் செய்யறேன். இதுங்கிட்ட மட்டும் கை வெக்காதீங்க."

மாமா கூண்டைப் பார்த்தார். காணாமல்போன ஒன்றைத் தேடி துரை நாரைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் மீசை துடித்தது. எழுந்தார். முட்டையைத் தன் வேட்டியில் துடைத்து, கூண்டுக்குள் கைவிட்டு, இன்னொரு கடியும் வாங்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எனக்கு முன்னாலயே சொல்றதுக்கென்ன மாப்ள?" என்றார் என்னிடம். "எளுதப் படிக்கத் தெரிஞ்சவன் எளுதற லட்சணமா இது?" பிறகு சிரித்தார். தெரு திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "கல்லு முட்டை. கடைவாயில வெச்சிக்கிட்டு நிக்கறேன் பாரு நானு."

அடுத்த மாதம் அவர் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன், ராஜாவை நிற்கவைத்து 'உடையாத முட்டை'யைப் பற்றிக் கால்மணி நேரம் கிண்டல் செய்தானாம். அதைச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான். குரல்? கரகரவென்றுதான் இருந்தது. பத்துக் கிளி முட்டைக்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது. ஜனங்கள் அந்தக் கரகரப்பைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

துரை இருபத்தாறு நாள் உட்கார்ந்தது. இருபத்தேழாம் நாள் காலை எழுந்தது, ஐந்தையும் ஒரு மூலைக்கு உருட்டித் தள்ளியது, தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குளித்தது. அப்பாவைப் பார்த்து "துரை" என்றது. இந்த வருஷம் தை மாசம் ஒரே முட்டை. நாலு பீங்கானையும் பக்கத்தில் வைத்தோம், உட்கார்ந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். ஒரு காகிதம் எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நான் சொல்ல, ஒரு டாக்டர் எழுதினார். இதை இரண்டு முறை எழுதியதற்கு மன்னியுங்கள்.

சரி, மங்களூர்க்காரருக்கு வருவோம். மோரைக் குடித்து முடித்திருப்பார். கூத்தில் கட்டியங்காரன் சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். பஞ்சில் பொதிந்து ஒரு முட்டை ஓடு.

"எங்க பொண்ணு வளக்கறதுங்க. ஒம்பது போட்டுட்டுது. நேத்துலேருந்து மேல ஏறமாட்டேங்குது. பொண்ணு சோறு திங்கலீங்க."

அப்பா தன் முட்டை ஒன்றை எடுத்து ஓட்டின் பக்கத்தில் வைத்தார். பெரிது. "சின்ன சாதிக் கிளிங்க அது" என்றார் மங்களூர்க்காரர், ஏதோ தன் தப்புமாதிரி. "செய்ய எத்தினி நாளு ஆவுங்க?"

ஒரு வாரம். ஒரு வாரம் அந்தக் கிளி தாங்குமா?

அப்பா எழுந்து உள்ளே போனார். தன் பழைய டிபன் பாக்ஸோடு வந்தார். திறந்தார். ஒரு துணியில் மூன்று பீங்கான் முட்டை — சூளையில் சுருங்கிப்போன என் மூன்று முட்டை. குப்பையில் போட்டாயிற்று என்று ஒரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தவை. ஒன்றை எடுத்து ஓட்டோடு ஒட்டவைத்தார்.

மயிரிழை வித்தியாசம் இல்லை.

"கொண்டுபோங்க" என்றார் அப்பா. "வெந்நீருல சூடாக்கி வைங்க. முதுகத் தடவ வேணாம். தலைய மட்டும்." வாசல்வரை கூடவே போன அப்பா, திரும்பி என்னைக் காட்டினார். "இது எம் புள்ள செஞ்சது. படிச்சவன்."

நான் கணக்கில் தப்புப் பண்ணிய ஒரே நாளுக்கு இப்படி ஒரு நூற்றுக்கு நூறு.